பெயர் பறித்த சட்டமும் மண் கேட்ட தலைவரும்



இன்றைய பொழிவுக்குப் பொருளாக அமைந்திருப்பது நெடுந்தொலைவில் வாழும் ஓரினத்தின் வழக்கு. தென்னமெரிக்காவின் மேலைக் கரையில், ஆண்டிசு மலைத்தொடருக்கும் அமைதிப் பெருங்கடலுக்கும் இடையே, நீண்ட வாரைப் போலக் கிடக்கும் நாடு சிலி. அதன் தென்பகுதியில் பன்னூறாண்டுகளாக வாழ்ந்துவரும் முதுகுடியினர் மாப்புச்சே மக்கள். 2017ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தம்மை மாப்புச்சேயர் என்று பதிந்துகொண்டவர் 17 இலக்கத்திற்கு மேற்பட்டோர். அவர்தம் மொழியில் 'மாப்பு' என்றால் மண். 'சே' என்றால் மாந்தர். மண்ணின் மாந்தர் என்பதே அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். மொழியின் பெயர் 'மாப்புதுங்குன்'. மண்ணின் பேச்சு என்பது அதன் பொருள். இனப்பெயரிலும் மொழிப்பெயரிலும் மண்ணையே முதலில் நிறுத்திய மக்கள் அவர்கள். இசுப்பானியரோ 'அரவுக்கோ' என்னும் ஓர் இடத்தின் பெயரை இனம் முழுமைக்கும் ஏற்றி, 'அரவுக்கானர்' என்றனர். நூல்களிலும் நெடுங்காலம் அப்பெயரே நின்றது. தம் பெயரைத் தம் வாயால் சொல்லிக்கொள்ளவும் ஒரு போராட்டம் வேண்டியிருந்தது.

இன்னொரு சொல்லையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். ஊர்த்தலைவனை அம்மக்கள் 'உலொங்கோ' என்பர். அச்சொல்லுக்குத் தலை என்று பொருள். கழுத்துக்குமேல் இருக்கும் உறுப்பையும் ஊருக்கு முதல்வனாய் இருப்பவனையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். தலை, தலைவன் என்று வழங்கும் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. (இதைக்கொண்டு இருமொழிக்கும் உறவு கண்டு கட்டுரை வரைய எவரும் எழுதுகோலைத் தேட வேண்டா. மாந்தர் பலவிடத்தும் ஒருபடியாகவே எண்ணியிருக்கின்றனர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.)

அத்தகைய உலொங்கோக்கள் இருவர் 2003ஆம் ஆண்டில் சிலிநாட்டு முறைமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். ஒருவர் தெமுலெமு என்னும் சிற்றூரின் தலைவர் பாசுக்குவல் பிச்சுன். மற்றவர் திதாய்க்கோ என்னும் சிற்றூரின் தலைவர் அனிசேத்தோ நோரின். நாளிதழ்கள் 'பயங்கரவாதம்' என்று எழுதுகின்றனவே, அக்குற்றம் அவர்கள்மேல் சாட்டப்பட்டது. அதனை இங்கே அச்சவினை என்றே வழங்குவோம். மண் கேட்ட ஊர்த்தலைவர் அச்சவினைஞர் என்று பெயர் பெற்றது எவ்வாறு? அதை அறிய நானூற்றைம்பது ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வடக்கேயிருந்து பெருகிவந்த இன்கா வேந்தரின் ஆட்சி, இம்மக்களின் நிலத்தை அடைந்தபோது மௌலே ஆற்றை ஒட்டி நின்றுவிட்டது. அடுத்து வந்தவர் இசுப்பானியர். 1541இல் சாந்தியாகோ நகரை நிறுவிய பெதுரோ தெ வால்தீவியா தெற்கே இறங்கிக் கோட்டைகள் கட்டினான். 1553 திசம்பரில் துக்கப்பேல் என்னுமிடத்தில் மாப்புச்சேயர் அவனை வென்று கொன்றனர். அப்படையை நடத்தியவன் இலவுத்தாரோ என்னும் இளைஞன். அவன் இளமையில் சிறைப்பட்டு, அதே வால்தீவியாவின் ஏவலாளனாகக் குதிரைகளைப் பேணியவன். குதிரை எவ்வளவு ஓடும், எப்போது களைக்கும், அதன்மேல் இருப்பவன் எப்போது சோர்வான் என்பனவற்றையெல்லாம் கொட்டிலில் இருந்தே கற்றுக்கொண்டு தன் மக்களிடம் தப்பிவந்தவன். பகைவனிடம் ஏவல் செய்தவன் பகைவனின் கலையைக் கற்றுத் திரும்பிய கதை இது. 1598இல் குராலாபாப் போரில் இன்னோர் இசுப்பானிய ஆளுநனும் வீழ்ந்தான். பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே அவர்கள் எழுப்பிய நகர்கள் அதன்பின் நிலைக்கவில்லை. 1641இல் கிலின் என்னுமிடத்தில் இருதிறத்தாரும் கூடிப் பேசினர். பியோபியோ ஆறே எல்லையென்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகின் பெரும்பகுதியைக் கட்டியாண்ட ஒரு வல்லரசு, 'இதற்கு அப்பால் உங்கள் நாடு' என்று ஒரு முதுகுடிக்கு ஒப்புதல் தந்தது.

இப்போர்களில் மாப்புச்சேயரை எதிர்த்துப் படைக்கலம் ஏந்திய இசுப்பானியப் படைஞன் அலோன்சோ தெ எர்சில்யா. அவன் தன் பகைவரின் மறத்தைப் பாடி, 'இலா அரவுக்கானா' என்னும் பெரும் பாவியத்தின் முதற்பகுதியை 1569இல் வெளியிட்டான். அந்நூலைச் சிலிநாட்டார் இன்றும் தம் நாட்டு இலக்கியத்தின் தொடக்கமாகக் கொண்டாடுகின்றனர். பாட்டுக்குள் நிற்கும் மாப்புச்சேயனுக்குப் புகழ். வயலுக்குள் நிற்கும் மாப்புச்சேயனுக்குச் சிறை.

ஏனெனில் இசுப்பானியரிடமிருந்து விடுதலை பெற்ற சிலிக் குடியரசு, இசுப்பானியர் ஒப்பிய எல்லையை ஒப்பவில்லை. 1861 முதல் 1883 வரை அதன் படை பியோபியோவைக் கடந்து, கோட்டை கோட்டையாகத் தெற்கே நகர்ந்தது. ஊர்கள் எரிந்தன, விளைச்சல் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. அப்படையெடுப்புக்கு அரசு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'அரவுக்கானியாவை அமைதிப்படுத்தல்'! பள்ளி நூல்களிலும் அதே பெயரே நெடுங்காலம் அச்சாயிற்று. படை நடந்துகொண்டிருக்கும்போதே, 1866இல், ஒரு சட்டமும் வந்தது. தாம் தொடர்ந்து குடியிருந்ததை மெய்ப்பிக்க இயலாத முதுகுடியினரின் நிலமெல்லாம் வெற்றுநிலம், ஆகவே அரசுநிலம் என்றது அச்சட்டம். எழுத்தில்லாமல், வழிவழியாக வாய்ச்சொல்லால் நிலவெல்லையைக் காத்துவந்தவனிடம் தாளைக் காட்டு என்று கேட்டார்கள். காட்ட முடியாதவனின் வயல் ஒரே நாளில் 'வெற்றுநிலம்' ஆயிற்று.

1884 முதல் 1929 வரை ஏறத்தாழ 3,000 ஆவணங்களால் மாப்புச்சேயர்க்கு விட்டுவைக்கப்பட்ட நிலம் 5 இலக்கம் எக்டேர் அளவினது. முன்பு அவர்கள் ஆண்டதில் அது நூற்றுக்கு 5 பங்கு. எஞ்சியது குடியேறிகளுக்கும் பண்ணையார்க்கும் போயிற்று. அவ்வைந்து பங்கும் முழுமையாக நிற்கவில்லை. அடுத்த பண்ணையின் வேலி ஓரிரவில் சில முழம் நகரும். அடுத்த ஆண்டில் மேலும் சில முழம். இதற்கு அந்நாட்டில் 'வேலியோட்டம்' என்றே பெயர். வேலி ஓடும் வித்தையைத் தமிழ்நாட்டு உழவர்க்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை.

1970 முதல் 1973 வரை சால்வதோர் அயெந்தேயின் ஆட்சிக்காலத்தில் நிலச்சீர்திருத்தத்தின்வழி ஒரு பகுதி நிலம் மாப்புச்சேயரிடம் திரும்பியது. 1973 செப்டம்பரில் படைத்தலைவன் பினோசே ஆட்சியைக் கவர்ந்தான்; திரும்பிய நிலம் மீண்டும் பறிபோயிற்று. 1974இல் வந்த ஓர் ஆணை, மரத்தோட்டம் இடுவோர்க்கு அதன் செலவில் நூற்றுக்கு 75 பங்கை அரசே தரும் என்றது. பெருமுதலாளிகளின் மரக்குழுமங்கள் பைன் மரத்தையும் தைலமரத்தையும் மலைமலையாக நட்டன. சிலி நாட்டில் இத்தகைய தோட்டங்களின் பரப்பு 20 இலக்கம் எக்டேரைத் தாண்டும். தைலமரம் நீரை எவ்வாறு உறிஞ்சும் என்பதை நீலமலையில் வாழ்வோர் அறிவர். அங்கும் அதுவே நேர்ந்தது. கிணறுகள் வறண்டன; கோடையில் ஊர்களுக்கு வண்டியில் நீர் கொண்டுபோய் ஊற்றவேண்டிய நிலை வந்தது. பாசுக்குவல் பிச்சுனின் ஊர்ப்பெயரை நினைவில் கொள்ளுங்கள்: தெமுலெமு. 'தெமு' அம்மண்ணின் மரமொன்றின் பெயர். 'இலெமு' என்றால் காடு. தெமுக்காடு என்று பெயர் பூண்ட ஊரைச் சுற்றி வரிசை பிடித்து நின்றவை, கடல்கடந்து கொண்டுவரப்பட்ட பைன் மரங்கள்.

பினோசேயின் சட்டங்களுள் இரண்டை இந்த அவை சிறப்பாக எண்ணிப்பார்க்க வேண்டும். முதலாவது 1979இல் வந்தது. பொதுநிலமாக இருந்த மாப்புச்சே ஊர்களின் நிலத்தைத் தனித்தனிப் பங்காக உடைப்பதற்கு அது வழிசெய்தது. நிலத்தை உடைத்ததோடு அது நின்றிருந்தால் ஆள்வோர் எங்கும் செய்யும் வேலைதான் என்று விட்டுவிடலாம். அச்சட்டத்தின் முதல் வடிவில் ஒரு தொடர் இருந்தது. பங்கிட்டுப் பதிந்த நாள்தொட்டு அந்நிலங்கள் முதுகுடி நிலமாகக் கொள்ளப்படா. அவற்றின் உடைமையாளரும் முதுகுடியினராகக் கொள்ளப்படார் என்பது அதன் கருத்து. எண்ணிப்பாருங்கள். காலையில் மாப்புச்சேயனாக எழுந்தவன், பதிவு அலுவலகத்தில் கைந்நாட்டு வைத்துவிட்டு மாலையில் மாப்புச்சேயன் அல்லனாக வீடு திரும்புவான்! ஓரினத்தைக் கொல்லப் படை வேண்டா, எழுத்தனும் மைக்கூடும் போதும் என்று கண்டுபிடித்தனர். எதிர்ப்பு எழுந்தபின் அத்தொடர் நீக்கப்பட்டது. நிலத்தை உடைக்கும் வேலையோ நிற்காமல் நடந்தது.

இரண்டாவது, 1984ஆம் ஆண்டின் அச்சவினைச் சட்டம். தன் ஆட்சியை எதிர்ப்போரை ஒடுக்குவதற்குப் பினோசே அதனை இயற்றினான். 1990இல் படையாட்சி ஒழிந்தது. குடியாட்சி வந்தது, மக்கள் தெருவில் ஆடிப்பாடினர். அச்சட்டம் மட்டும் ஒழியவில்லை. சில திருத்தங்களோடு பேழைக்குள் இருந்தது. பின்னர் அதனை எடுத்து மாப்புச்சேயர்மேல் வீசியவர்கள் குடியாட்சிக்காரர்களே. படையாட்சியில் தாமே துன்புற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். இதனை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இனி அவ்விரு தலைவரின் வழக்கைக் காண்போம். 2001 திசம்பரில் திரைகேன் வட்டாரத்தில் இரண்டு தீநிகழ்ச்சிகள். ஒன்று, நான்காவே என்னும் பண்ணையின் மேலாளர் வீட்டில். மற்றொன்று, சான் கிரெகோரியோ என்னும் பண்ணையில். நான்காவே, முன்னாள் வேளாண்மை அமைச்சர் ஒருவர்க்குரியது. பாவலர் பாப்லோ நெருடாவின் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்குத் தலைவராகவும் அவர் விளங்கினார். நெருடா சிறுவனாக வளர்ந்தது இதே மாப்புச்சே மண்ணின் தெமுக்கோ நகரில்! காலம் சிலவேளை இப்படித்தான் நகையாடுகிறது.

தீயிட்டனர், தீயிடுவதாக அச்சுறுத்தினர் என்று இரு உலொங்கோக்கள் மேலும் குற்றஞ்சாட்டப்பட்டது. சான்றுரைக்க வந்தோருள் முகமில்லாத சான்றாளரும் இருந்தனர். அச்சவினைச் சட்டம் அதற்கு இடந்தந்தது. திரைக்குப் பின்னே அமர்ந்து, குரலை மாற்றும் கருவிவழியே அவர்கள் பேசினர். பேசுவது யார் என்று கூண்டில் நிற்பவர்க்குத் தெரியாது. சிற்றூரில் வாழ்ந்தவர்க்கு இதன் கொடுமை விளங்கும். வாய்க்கால் தகராற்றில் பத்தாண்டுப் பகையிருப்பவனா, பண்ணையில் கூலிவாங்குபவனா, உண்மையிலேயே கண்ணால் கண்டவனா என்பதை ஊரார் முகத்தைப் பார்த்தே அறிவர். முகத்தை மறைத்துவிட்டால் எதைக் கொண்டு வினவுவது?

இவ்வளவுக்குப் பின்னும், 2003 ஏப்பிரலில் அங்கோல் முறைமன்றம் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. வழக்கு முடிந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். முடியவில்லை. சூலைத் திங்களில் நாட்டின் மேல்முறைமன்றம் அத்தீர்ப்பைச் செல்லாதென்று அடித்து, மறுபடியும் உசாவுமாறு பணித்தது. செப்டம்பரில் இரண்டாம் தீர்ப்பு வந்தது. தீயிட்டனர் என்பது இம்முறையும் மெய்ப்பிக்கப்படவில்லை. தீயிடுவதாக அச்சுறுத்தியதே அச்சவினை என்று சொல்லி, ஆளுக்கு ஐந்தாண்டும் ஒரு நாளும் சிறை விதித்தனர்.

அந்த ஒரு நாளைச் சற்றே கூர்ந்து நோக்க வேண்டும். சிலிநாட்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வரையிலான ஒறுப்பைச் சிறைக்கு வெளியே, கண்காணிப்பின்கீழ்க் கழிப்பதற்கு வழியுண்டு. ஐந்தாண்டுக்கு மேல் ஒரு நாள் கூடினாலும் அவ்வழி அடைபடும். ஐந்தாண்டுச் சிறைக்கு அந்த ஒரு நாளே தாழ்ப்பாள்.

இன்னும் ஒன்று. அந்நாளில் அச்சட்டம், தீக்கருவி முதலியவற்றால் ஒன்று செய்யப்பட்டிருந்தால் மக்களை அச்சுறுத்தும் நோக்கம் இருந்ததென்றே முன்கூட்டிக் கொண்டது. இல்லையென்று மெய்ப்பிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவன் பொறுப்பு. மேலும், இவ்வட்டாரத்தில் நிலம் கேட்டு வன்முறையில் இறங்கும் அமைப்புகள் உண்டு என்பது யாவரும் அறிந்ததே என்னும் போக்கில் தீர்ப்புரை சென்றது. அதாவது, இவர் என்ன செய்தார் என்பதற்கு முன்னே இவர் எவர் என்பது சான்றாக வந்து நின்றது. நிலம் கேட்பவர் மாப்புச்சேயர், இவரும் மாப்புச்சேயர், இவர் தலைவர் வேறு. போதாதா?

சிறையோடும் முடியவில்லை. அச்சவினைக்குத் தண்டம் பெற்றோர் பதினைந்தாண்டுக்குப் பொதுப்பொறுப்பு எதனையும் ஏற்கலாகாது; செய்தித்தாள் நடத்தலாகாது; ஊரமைப்பு முதலியவற்றில் தலைமை தாங்கலாகாது என்பது அந்நாட்டு அரசியல் யாப்பின் கட்டளை. தலை என்னும் பெயருடையவனைப் பார்த்து, 'நீ பதினைந்தாண்டு தலையாக இருக்கலாகாது' என்றது சட்டம். ஒருவனை உலொங்கோ ஆக்குவது அவன் குடியும் ஊருமே. அதில் முறைமன்றத்துக்கு என்ன வேலை?

2004ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருவரும் சிறைக்குள் சென்றனர். வழக்கு, அமெரிக்க நாடுகளின் மாந்தவுரிமை முறைமன்றம் வரை ஏறிற்று. கோசுத்தா இரிக்கா நாட்டில் அமர்ந்துள்ள அம்மன்றம், இவர்களையும் இவர்களைப் போலவே தண்டம் பெற்ற அறுவரையும் சேர்த்து எண்மர்க்காக 2014 மே 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வெண்மர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதை அம்மன்றம் ஆராயவில்லை. அது அதன் வேலையன்று. உசாவிய முறையை ஆராய்ந்தது. நோக்கத்தை முன்கூட்டிக் கொண்டது பிழை. இனத்தைப் பற்றிய தவறான முற்கோளைத் தீர்ப்புக்குள் நுழைத்தது பிழை. மறைமுகச் சான்றாளரைச் சார்ந்தது பிழை. பதினைந்தாண்டுத் தடையும் பிழை என்றது. எண்மரின் தண்டத்தையும் நீக்குமாறும், அவர்க்கு இழப்பீடு தருமாறும் ஆணையிட்டது. சிலிநாட்டு மேல்முறைமன்றம் அத்தண்டங்களை அழித்தது 2019 மே திங்களில். ஆணை வந்து ஐந்தாண்டு. முதல் விடுதலை கிடைத்துப் பதினாறாண்டு.

பாசுக்குவல் பிச்சுன் 2013 மார்ச்சிலேயே இறந்துவிட்டார். அச்சவினைஞன் என்னும் பெயரோடுதான் அவரைப் புதைத்தனர்.

அவ்வெண்மருள் ஒருவர் மாப்புச்சேயர் அல்லர் என்பதைத் துணைநிற்றல் பற்றிப் பேசும் இந்த அவையில் சொல்லாமற் போகலாகாது. அவர் பத்திரிசியா திரொன்கோசோ என்னும் பெண்மணி. மாப்புச்சேயரோடு நின்ற சிலிநாட்டுப் பெண். மரக்குழுமம் ஒன்றின் தோட்டத்தில் 2001இல் நேர்ந்த தீயைக் கரணியங்காட்டி, மாப்புச்சேயர் சிலரோடு அவர்க்கும் 2004இல் பத்தாண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. 2007 அக்டோபரில் சிறைக்குள் உண்ணாநோன்பு தொடங்கி, நூறு நாளுக்கு மேல் நீட்டி, 2008 சனவரி இறுதியில் முடித்தார். பிறந்த இனத்தின் நலனை மட்டும் நாடியிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

பின்னும் 2010இல் முப்பதுக்கு மேற்பட்ட மாப்புச்சேச் சிறையாளர் ஒருங்கே உண்ணாநோன்பு இருந்தனர்; எண்பது நாளைக் கடந்தோரும் உளர். ஒரே செயலுக்காகப் பொது முறைமன்றத்திலும் படைத்துறை முறைமன்றத்திலும் தம்மை உசாவுகின்றனர் என்பது அவர்தம் முறையீடுகளுள் ஒன்று. அவ்வாண்டு அச்சவினைச் சட்டம் திருத்தப்பட்டது. குடிமக்களைப் படைத்துறை முறைமன்றத்தில் நிறுத்தும் வழக்கமும் நீக்கப்பட்டது. பட்டினி கிடந்து பெற்ற திருத்தங்கள் அவை.

மாப்புச்சேயரிடையே 'மாச்சி' எனப்படுவோர், நோய் தீர்ப்போரும் வழிபாடு நடத்துவோரும் ஆவர். பெரும்பாலும் பெண்டிர். பிரான்சிசுக்கா இலின்கொனாவோ என்பவர் அத்தகைய மாச்சி. தம் ஊரருகே ஊற்றெடுக்கும் சதுப்பில்தான் அவர்க்கு மருந்துச்செடி கிடைக்கும். அவ்விடத்தை அவர்கள் 'மெனோக்கோ' என்பர். அதனையொட்டி நின்ற அம்மண்ணின் மரங்களைப் பண்ணைக்காரர் வெட்டத் தொடங்கியபோது, இவர் முறைமன்றம் ஏறினார். முதுகுடியினர் பற்றிய அனைத்துநாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை முன்னிறுத்தி, 2009இல் மேல்முறைமன்றம் வரை வென்றார். சட்டவழியில் வென்று காட்டிய மாச்சி! அதே மாச்சியைத்தான் பின்னர் அச்சவினைஞர் என்று சிறைப்பிடித்தனர்.

அதன் வரலாற்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். 2013 சனவரியில் முதிய இணையர் இருவர் தம் வீட்டில் தீக்கு இரையாயினர். பண்ணைக் குடும்பத்தினர் என்பதற்காக முதியவரைத் தீயில் மாய்ப்பது எந்த மண்ணுக்காகச் செய்யப்பட்டாலும் அறமாகாது. மாப்புச்சேயர் பலர்க்கும் அது நெஞ்சை அறுத்த நிகழ்ச்சியே. அக்கொடுமைக்கு உரியவரைக் கண்டு ஒறுப்பது அரசின் கடமை. அந்த வழக்கில் வேறு சிலர் தண்டம் பெற்றனர். ஆனால் அவ்வழக்கிற்குள் மாச்சியையும் இழுத்து, 2016இல் சிறையிலிட்டனர். அறுபதை ஒட்டிய அகவையில் அவர் உண்ணாநோன்பு இருக்க நேர்ந்தது. 2017 அக்டோபரில் விடுதலை. அத்தீர்ப்பும் செல்லாதென்று அடிக்கப்பட்டு மறுவுசாவல். 2018 மே திங்களில் மீண்டும் விடுதலை. ஒரே குற்றச்சாட்டுக்கு இருமுறை குற்றமற்றவர் ஆனவர் அவர். முன்னே உலொங்கோக்களுக்கு நேர்ந்ததும் இம்முறையே அல்லவா? விடுவித்தால் அடித்துத் திருத்துவது. தண்டித்தால் அப்படியே விடுவது.

சட்டத்தால் சிறைப்பட்டோர் இவர் என்றால், துமுக்கியால் வீழ்ந்தோரும் உளர். 2002இல் அலெக்சு இலெமுன் என்னும் பதினேழு அகவைச் சிறுவன். 2008இல் மாணவன் மத்தியாசு கத்திரிலேயோ. 2018 நவம்பரில் உழவுப்பொறியில் சென்றுகொண்டிருந்த கமிலோ கத்திரியாங்கா. மூவரும் காவலர் சுட்டு மாய்ந்தவர். கமிலோ சுடப்பட்டபோது காவலர் ஒருவர் அணிந்திருந்த படக்கருவியின் நினைவட்டையை அக்காவலரே அழித்துவிட்டார் என்பது பின்னர் வெளிப்பட்டது. சுட்டவர்க்கு 2021இல் பதினாறாண்டுச் சிறை கிடைத்தது. முன்னைய சாவுகளுக்கு அந்த அளவும் கிடைக்கவில்லை.

அணைக்கு இரையான மண்ணும் ஒன்றுண்டு. பியோபியோ ஆற்றின் மேற்பகுதியில் இரால்கோ என்னும் மின்னணை. அதனை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் நின்றவர், மாப்புச்சேயரின் கிளையினராகிய பெகுவென்சே மக்களுள் பெர்த்தா, நிக்கோலாசா கின்திரெமான் என்னும் உடன்பிறந்த முதுபெண்டிர் இருவர். 2004இல் அணை இயங்கத் தொடங்கிற்று; நிலமும் இடுகாடும் நீருக்குள் போயின. 2013 திசம்பரில் நிக்கோலாசாவின் உடல் அந்த அணைநீரிலேயே மிதக்கக் கண்டனர்.

இவ்வளவும் பழங்கதை என்று எவரும் எண்ணற்க. 2021 சூலையில் புதிய அரசியல் யாப்பு வரைவதற்காகக் கூடிய அவைக்கு மாப்புச்சே இனத்து மொழியியல் அறிஞர் எலிசா இலொங்கோன் தலைவரானார். தம் முதலுரையை அவர் மாப்புதுங்குன் மொழியில் தொடங்கினார். மேலே சொன்ன மாச்சி பிரான்சிசுக்காவும் அவ்வவையின் உறுப்பினர். இருமுறை கூண்டில் நின்றவர், நாட்டுக்கு யாப்பு வரையும் இருக்கையில் அமர்ந்தார். அவர்கள் வரைந்த யாப்போ 2022 செப்டம்பர் 4ஆம் நாள் பொதுமக்கள் தீர்ப்பில் தோற்றது. நூற்றுக்கு 62 பேர் வேண்டா என்றனர். அதற்கு முன்னமேயே, 2021 அக்டோபரில், மாப்புச்சே மண்ணில் நெருக்கடிநிலை அறிவித்துப் படையை இறக்கியிருந்தனர். இடையில் சிறிது காலம் நீங்கி, 2022 மே முதல் மீண்டும் அறிவிக்கப்பட்டு, திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 2023 நவம்பரில் வந்த சட்டம், நிலத்தில் புகுந்து அமர்வதற்கான ஒறுப்பைச் சிறையாக உயர்த்தியது. பினோசேயின் அச்சவினைச் சட்டம் 2025 பிப்ரவரியில் ஒருவழியாக நீக்கப்பட்டது. அதே நாளில் அவ்விடத்தில் வேறோர் அச்சவினைச் சட்டம் வந்து அமர்ந்தது.

நிலச்சிக்கலைத் தீர்க்கும் வழியைக் காண்பதற்கென 2023இல் அமைத்த ஆணைக்குழு தன் அறிக்கையை 2025 மே திங்களில் அளித்தது. நிலம் பறிபோனது உண்மை, அதற்கு அரசு ஈடுசெய்யக் கடமைப்பட்டது என்பதை மரக்குழுமத்தார் முன்னிலையிலும் மாப்புச்சேயர் முன்னிலையிலும் பேசுவதற்கு ஒரு மேடையாவது அமைந்தது. அந்தப் பேச்சு முறைமன்றக் கூண்டுக்கு வெளியே நடக்க வேண்டும் என்பதே உலொங்கோக்கள் தொடக்கமுதல் கேட்டது.

இக்கூட்டத்தின் முடிவில் முடிபொன்று அவைமுன் வைக்கப்படவுள்ளது. புதுதில்லியில் உள்ள சிலிநாட்டுத் தூதரகத்திற்கு, கூட்டத்தார் கையொப்பமிட்ட மடல் ஒன்று செல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறிய சீர்திருத்தங்கள் முழுமையாக நிறைவேற வேண்டும். நிலம் கேட்பதை அச்சவினையாகக் கொள்ளும் வழக்குகள் கைவிடப்பட வேண்டும். ஆணைக்குழுவின் அறிக்கை அலமாரிக்குள் போய்விடலாகாது. மடலில் வேண்டியவை இம்மூன்றே. 'அரவுக்கானர்' என்னும் சொல் அதில் எங்கும் வரலாகாது. மாப்புச்சே என்றே எழுதுங்கள். மடல் தமிழிலேயே இருக்கட்டும். படிப்பதற்கு ஆள் தேடுவது தூதரகத்தாரின் பாடு. கையொப்பத் தாள் வாயிலருகே உள்ள மேசைமேல் இருக்கிறது.